குழாயடிக் காவல்

தூத்துக்குடிக்கு வந்து ஆறேழு மாதமாகியும் பகவதி பார்த்த ஊர் ஒரு ஜன்னல் அகலம்தான். ஸ்ரீவைகுண்டத்தில் ஆற்றுக்கும் கோயிலுக்கும் தன்போக்கில் போய்வந்தவள். புதுத் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்த சமயம். கணவன் மந்திரமூர்த்திக்கு அங்கே ஸ்டோரில் வேலை. கடற்கரைப் பக்கம் மலிவாக ஒரு வீடு கிடைத்தது. வீடு பிடித்திருந்தது, தெருவைத்தான் அவன் நம்பவில்லை. காலையில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, சந்துப் பக்கமிருந்த வாசற்கதவை வெளியே பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவான்.

"புது ஊரு. ஒனக்கு ஒண்ணுந் தெரியாது" என்பான்.

அடிக்கிறவன் இல்லை, குடிக்கிறவன் இல்லை. இதைப் போய் யாரிடம் குறையென்று சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஜன்னலுக்கு எதிரே தெருக்குழாய். விடியற்காலை போக, பகலில் தண்ணீர் எப்போது வருமென்று சொல்ல முடியாது. பெண்கள் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். வள்ளங்கள் கரை சேர்ந்தால் மீன் ஏலத்துக்கு ஓடுவார்கள். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி என்பது அந்தத் தெருவின் சட்டம். அடுத்த தெருக்காரிகளுக்கு அந்தச் சட்டம் கிடையாது.

ஒருநாள் யாரோ ஒருத்தி ஒரு பித்தளைக் குடத்தைக் காலால் நகர்த்தினாள்.

"ஏ, அதை எடுக்காதிய! ஆளு இருக்காவ!" தன் குரல் அவ்வளவு தூரம் போகுமென்று பகவதிக்கே அன்றுதான் தெரிந்தது.

அந்தக் குடம் ஞானசௌந்தரியுடையது. மீன்கூடையோடு திரும்பியவள் ஜன்னலுக்கு நாலடி தள்ளி நின்று, "ஏளா, நீ நல்லாயிருப்ப" என்றாள். மறுநாள் ஏலத்துக்குக் கிளம்பும்போது எல்லோருமே ஜன்னலைப் பார்த்து, "ஏளா, பாத்துக்கோ" என்றார்கள். கூலியில்லாத அந்த வேலை பகவதிக்கு நிலைத்துவிட்டது. நசுங்கின வாய் ஞானசௌந்தரிக்கு, ஈயம் அடைத்த குடம் அமலோற்பவத்துக்கு என்று எல்லாம் மனப்பாடம். மத்தியானச் சோற்றையும் ஜன்னலடியிலேயே தின்றாள். ஆனாலும் யாரும் அந்த நாலடியைத் தாண்டி வரவில்லை. ஏனென்று அவள் கேட்கவுமில்லை.

மாசி மாதம் ஒருநாள், ஏல நேரத்தில் தண்ணீர் வந்துவிட்டது. அடுத்த தெருக்காரிகள் வரிசையைக் கலைத்துத் தங்கள் குடங்களை வைத்தார்கள். பகவதி தொண்டை கட்டக் கத்தினாள்.

"வக்காலத்து வாங்குத மகராசி வெளிய வந்து பேசு!" என்று ஒருத்தி சிரித்தாள்.

பெண்கள் திரும்பியபோது தண்ணீர் நின்றுவிட்டது. குடங்கள் ஓரமாய் உருண்டு கிடந்தன. அமலோற்பவம் நேரே ஜன்னலுக்கு வந்தாள்.

"ஏளா, நாலு எட்டு வச்சு வந்து நிக்கக்கூடாதா? எங்க மீன் நாத்தம் பட்டா சைவத்துக்குத் தீட்டாயிருமோ? அதானே எட்ட நின்னே பேசுதோம்! இனி நீ எங்களுக்குக் காவல் இருக்க வேண்டாம்."

பகவதி கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தீட்டென்று அவர்கள் நினைத்துக்கொண்டால் கௌரவமாவது மிஞ்சும். உண்மையைச் சொன்னால் புருஷனின் மானம் போகும். சொல்லாவிட்டால் நாளை முதல் அந்த ஜன்னல் வெறும் ஜன்னல்தான்.

"கதவு வெளிய பூட்டிருக்குக்கா" என்றாள். "சந்துப் பக்கம் போய்ப் பாருங்க."

அமலோற்பவம் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தாள்.

சாயங்காலம் மந்திரமூர்த்தியின் சைக்கிளைச் சந்துமுனையிலேயே மறித்தாள்.

"தம்பி, உள்ள அடுப்பு எரியுது. சீலையில தீப்பிடிச்சா அவ எந்த வழியா வருவா? கம்பி வழியாவா?"

"அப்படியெல்லாம் ஆகாதுக்கா."

"மாதா புண்ணியத்துல ஆவாண்டாம். ஆச்சுன்னா? ஒம்ம துறைமுகத்துல இருந்து வந்து தொறப்பீரோ?"

தெருவே வேடிக்கை பார்த்தது. அவன் முகம் சிறுத்து, வீட்டிலிருந்த இன்னொரு சாவியை எடுத்து வந்து நீட்டினான். "அவசரத்துக்கு மட்டுந்தான்."

மறுநாளும் பூட்டிவிட்டுத்தான் போனான். பத்து மணிவாக்கில் குழாய் இரைந்தது.

"தண்ணி வந்துட்டு! இதுக்கு மேல என்னளா அவசரம்?" என்றபடி அமலோற்பவம் கதவைத் திறந்தாள்.

படியிறங்க பகவதிக்குக் கால் கூசியது. குழாயடியில் இடம் விட்டார்கள். ஞானசௌந்தரி அவள் தோளை இடித்து, "ஏளா, இவ்வளவு குட்டையா நீ? ஜன்னல்ல பாத்தா ஆளு பெருசால்லா தெரிஞ்ச!" என்றாள். அன்று பகவதி குடம் தூக்கிவிட்டாள், சண்டை போட்டாள், செதில் ஒட்டிய கைகள் அவள் மேல் பட்டன. வெயில் சாயும்வரை வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

பிறகு அவளே அமலோற்பவத்தின் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"அவ்வொ வார நேரம். பூட்டிருங்கக்கா."

"நீயே சொல்லுதியேளா!"

"பூட்டிருங்க. இல்லன்னா சாவிய வாங்கிருவாவ."

அமலோற்பவம் யாரையோ வைதுகொண்டே பூட்டினாள்.

மந்திரமூர்த்தி வந்து திறந்தான். சோறு பரிமாறக் குனிந்தவளின் சேலைக் கரை முழங்கால்வரை ஈரமாயிருந்தது. பார்த்தான். இரண்டு கவளம் தின்றான்.

"குழாயடியில பாசி கெடக்கும்" என்றான். "வழுக்கும்."

அமலோற்பவத்திடமிருந்த சாவியை அவன் திரும்ப வாங்கவில்லை. காலையில் பூட்டும் சத்தம் கேட்டது.