காலடிக்குப் பிடித்த குறி

பெரம்பலூரில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். மகள் இழுத்துக்கொண்டு போனாள். ஒரு கடையில் பலகை மேடைமேல் ஏறி நின்று, கீழே கட்டியிருக்கும் பலூனை வில்லால் அடிக்க வேண்டும். “நேரா பாத்து விடுங்க சார்” என்றார் கடைக்காரர். நானும் மடையன் மாதிரி நேராகப் பார்த்து விட்டேன். அம்பு பலூனுக்கு மேலே போய்த் தட்டியில் குத்தியது. பரண்மேல் வளர்ந்தவனுக்கு மகள் எதிரில் மானம் போனது.

வில்லில் நைலான் கயிறு கட்டியிருந்தார்கள். எங்கள் வில்லுக்குக் கற்றாழை நார். ஊறப்போட்ட கற்றாழையின் நாற்றம் உங்களுக்குத் தெரியாதென்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர். அரியலூர்ப் பக்கம் எங்கள் சோளக்காட்டின் நடுவே பரண் இருந்தது. அப்பாவும் அம்மாவும் மாறி மாறிக் காவல் இருப்பார்கள். பன்றியை விரட்டத்தான் வில். அம்பின் நுனியில் இரும்பு கிடையாது, துணி சுற்றியிருக்கும். மேலிருந்து நேராகப் பிடித்தால் அம்பு தாண்டிப் போய்விடும். “காலடிக்குப் புடி, நெஞ்சுல படும்” என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

பிறகு சிமென்ட் கம்பெனி வந்தது. அக்கம்பக்கத்தில் எல்லாரும் நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அப்பா மட்டும் மாட்டேன் என்றார். ஒருநாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் அளக்க வந்து, காட்டுக்குள் கொடிக்கம்பு நட்டார்கள். அப்பா பரணிலிருந்து கத்திப் பார்த்தார். “எறங்கி வா பெருசு, பேசிக்கலாம்” என்று சிரித்தார்கள். அப்பா கம்பின் அடிக்குப் பிடித்தார். கொடி பறந்து விழுந்தது. பக்கத்தில் நின்ற ஆள் பயந்துபோய் வரப்பில் விழுந்து கையை முறித்துக்கொண்டார்.

கொலை முயற்சி என்று புகார் கொடுத்தார்கள். துணி சுற்றிய அம்பால் கொலை! அப்பா ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்காவிட்டால் நானும் சிரித்திருப்பேன்.

அம்மாவும் நானும் ஓடினோம். இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார்.

“ஆளப் பாத்தாம்மா விட்டாரு?”

“இல்லீங்கய்யா. ஆளப் பாத்து விடலீங்க. காலடிக்குத்தான் புடிச்சாரு.”

டவுனில் பிறந்த அதிகாரியாக இருந்தால் அதோடு தப்பித்திருப்போம். இவர் வாலிகண்டபுரம் பக்கத்துச் சோளக்காட்டுக்காரர். பேனாவைக் கீழே வைத்தார்.

“பரண்லேர்ந்து காலடிக்குப் புடிச்சா எங்கம்மா படும்?”

“நெஞ்சுலங்க” என்றாள் அம்மா.

யோசிக்கவே இல்லை. கேட்டால் வந்துவிடுகிற பதில் அது. “கம்போட காலடியச் சொன்னங்கய்யா, கம்போட...” என்று அப்புறம் அழுதாள். அதை யார் கேட்டார்கள்? அவர் எழுதத் தொடங்கியிருந்தார்.

மறுநாளே கம்பெனி ஆட்கள் வந்தார்கள். நிலத்தைக் கொடுத்தால் புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்கள். அப்பா கையெழுத்துப் போட்டார். ஜெயிலுக்குப் பயந்தல்ல, அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல். 

காடு இருந்த இடத்தில் இப்போது பெரிய குழி. மண்ணே இல்லை, பரணை எங்கே நடுவது? அப்பா அம்மாவை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

ஊரில் யார் எதைக் கேட்டாலும் முந்திக்கொண்டு பதில் சொல்கிறவள் எங்கள் அம்மா. அதற்குப் பிறகு, பஸ் ஸ்டாப்பில் யாராவது “ஜெயங்கொண்டம் பஸ் வந்துட்டுதாம்மா?” என்று கேட்பார்கள். பஸ் அவள் கண்ணெதிரே நின்றுகொண்டிருக்கும். “எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க” என்பாள்.