பையன்கள் டேபிளில் நான்

கல்யாணமாகிச் சில வருடங்கள் கழித்து நான் மறுபடியும் மாப்பிள்ளையானேன். நிரந்தர உத்தியோகம், சாந்த சுபாவம், காப்பி தவிர வேறு பழக்கம் கிடையாது. இதையெல்லாம் என்னைப் பற்றி நானே டைப் அடித்தேன். புத்தியுள்ளவன் செய்கிற காரியமில்லை. ஆனால் அதற்கு எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில், தி. நகரில் ஒரு பாத்திரக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் கம்பெனி இருந்தது. கீழே எவர்சில்வர் பாத்திரங்களில் பேர் வெட்டுகிற சத்தம் நாள் முழுதும் மேலே வரும். மயிலாப்பூர் மாட வீதியில் ஒரு மாமி கல்யாணத் தகவல் நிலையம் நடத்திவந்தார். அவருக்காக ஜாதகம் பொருத்திப் பார்க்கிற புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தோம். மாமியின் வழக்கம் என்னவென்றால், பொருத்தம் அமைந்தால் பையன் விலாசத்தோடு பெண் வீட்டுக்கு மட்டும் ஒரு தபால் கார்டு போகும். அவர்களாகவே பையன் வீட்டுக்குப் போய் விசாரித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கார்டுக்காகத் தபால்காரரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஊரில் எத்தனையோ அப்பாக்கள் இருந்திருப்பார்கள். எங்கள் மெஷினில் அவர்கள் யாரும் இல்லை. பெண்கள் ஒரு டேபிள், பையன்கள் ஒரு டேபிள். டேபிள் என்றால் கட்டம் போட்ட பெரிய பட்டியல், ஆளுக்கு ஒரு வரி.

புரோகிராமை ஓட்டிப் பார்த்தால் பையன்கள் டேபிள் கந்தலாகிவிடும். சிலருக்கு நிச்சயமாகிவிட்டதென்று குறி போடும். வேண்டாம் என்றவர்களை அழிக்கும். எங்காவது பிழை இருந்தால் வேண்டியவர்களையும் சேர்த்து அழிக்கும். ஆகவே ஓட்டுவதற்கு முன்னால் அந்த ஒரு டேபிளை மட்டும் எக்ஸ்போர்ட் செய்து, அதாவது நகலெடுத்து, ஃப்ளாப்பியில் வைத்துக்கொள்வேன். ஓட்டி முடித்தபின் டேபிளைக் காலி செய்துவிட்டு, ஃப்ளாப்பியிலிருந்து மறுபடி ஏற்றுவேன். முழு டேட்டாபேஸையும் எடுத்து ஏற்றினால் அரைநாள் போய்விடும். ஒரு டேபிள் என்றால் ஒரு டீ குடிக்கிற நேரம்தான். காலி செய், ஏற்று, ஓட்டு. காலி செய், ஏற்று, ஓட்டு. மயிலாப்பூர் மாப்பிள்ளைகள் மொத்தமாக ஒழிந்து மொத்தமாகப் பிறந்துகொண்டிருந்தார்கள். முதல் இரண்டு நாள் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அப்புறம் அதுவும் இல்லை. மத்தியானத்துக்கு மேல் ஆபீசில் என் விரல்கள் மட்டும்தான் இருக்கும், மனசு இருக்காது.

பொருத்தம் சரியாகப் போடுகிறதா என்று பார்க்க, நட்சத்திரம், ராசி எல்லாம் சந்தேகமில்லாமல் தெரிந்த ஓர் ஆள் தேவைப்பட்டது. அப்படி எனக்குத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். கார்டில் விலாசம் முழுதாக விழுகிறதா என்று பார்க்க என் வீட்டு விலாசத்தையே கொடுத்தேன். ஆனால் எக்ஸ்போர்ட் எடுத்தபோது நான் அதில் இல்லையாதலால், மறுபடி ஏற்றும்போதெல்லாம் மற்றவர்கள் திரும்பி வருவார்கள், நான் மட்டும் வரமாட்டேன். தினமும் என் சாந்த சுபாவத்தைப் புதிதாக டைப் அடிக்க வேண்டியிருந்தது. அலுத்துப்போய், நான் உள்ளே இருக்கும்போதே இன்னொரு ஃப்ளாப்பியில் இன்னொரு எக்ஸ்போர்ட் எடுத்து வைத்துக்கொண்டேன்.

பக்கத்து சீட்டுக்காரர் ராயப்பேட்டைவாசி. என் ஸ்கிரீனை எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், வூட்ல தெரியுமா இது?"

"டெஸ்ட்டுக்குப்பா."

"அப்டி சொல்லிக்கினுதான் எல்லாரும் ஆரம்பிக்கிறாங்கோ."

ஒரு வெள்ளிக்கிழமை காலை மாமியின் நிலையத்தில் மெஷினை வைத்தோம். எல்லாம் முடிந்து, பையன்கள் டேபிளைக் காலி செய்து அசல் எக்ஸ்போர்ட்டை ஏற்றுவது மட்டும் பாக்கி. மாமி மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பத்தரைக்கு ராகுகாலம் வந்துடும். அதுக்குள்ள ஏத்திடுங்கோ. கல்யாண சமாச்சாரம், ராகுகாலத்துல ஆரம்பிக்கப்படாது."

ஏற்றியபின் மொத்தம் எத்தனை வரி என்று சரிபார்ப்பது எங்கள் வழக்கம். அன்று சரிபார்க்கவில்லை. பைக்குள் கையை விட்டேன். வாரக்கணக்கில் எந்த ஃப்ளாப்பியைப் போட்டுப் பழகியதோ அதையே கை எடுத்துப் போட்டது. ராகுகாலத்துக்கு முன்பே முடித்துவிட்டேன். மாமி சுண்டல் கொடுத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசல் மணி அடித்தது. ஓய்வு பெறும் வயதுக்காரர் ஒருவர் நின்றிருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கையில் பழமும் வெற்றிலையும் வைத்த பை. அடையாறிலிருந்து பஸ்ஸில் வருவதாகச் சொல்லி, என் மனைவியிடம் மாமியின் கார்டை நீட்டினார். அவள் அதைப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். காப்பி கலக்கப் போனாள்.

"பொண்ணுக்கு அஞ்சாறு வருஷமா பாத்துண்டிருக்கேன்," என்றார் அவர். "ஒண்ணு இருந்தா ஒண்ணு இருக்கறதில்லை. பத்துக்கு ஒன்பது பொருத்தம் இப்பதான் முதல் தடவை. கம்ப்யூட்டரே சொல்லிடுத்தேன்னு ஓடி வந்துட்டேன். பையன் இருக்காரோ?"

"நான்தான்."

காப்பி கொண்டுவந்தவளை அவர் பார்த்தார். "இவா?"

"என் ஆத்துக்காரி."

நான் விளக்கினேன். டேபிள், எக்ஸ்போர்ட், இரண்டு ஃப்ளாப்பி, ராகுகாலம். வகுப்பில் புரியாத பாடத்தைக் கேட்கிறவர்போல் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்போ அப்படி ஒரு பையன் இல்லை."

"இல்லை."

"ஓ," என்றார். காப்பியை மீதி வைக்காமல் குடித்தார். பையை மறந்துவிட்டு எழுந்தார். என் மனைவி எடுத்துக் கொடுத்தபோது, "இருக்கட்டும்மா, இத்தனை தூரம் எடுத்துண்டு வந்தாச்சு," என்றார்.

பஸ் ஸ்டாப் வரை கூடப் போனேன். வருத்தப்பட வேண்டும் என்று தெரிந்தது, ஆனால் வருத்தம் என்று எதுவும் வரவில்லை. வெயில் அடிப்பது தெரிந்தது, செருப்பு கடிப்பது தெரிந்தது. பஸ் வந்தது. கம்பியைப் பிடித்து ஏறும்போது, "வரேன், மாப்பிள்ளை," என்று சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பினால் மனைவி வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் கல்யாணத்தில் பொருந்தியது ஆறு.

"ஒன்பதா," என்றாள். அன்று முழுக்க அவ்வளவுதான் பேசினாள்.

மறுநாள் மாமியிடம் போனேன். டேபிளைக் காலி செய்யாமல், எதையும் மறுபடி ஏற்றாமல், என் ஒரு வரியை மட்டும் தேடிப் பிடித்து அழித்தேன். பிறகு மொத்த வரிகளைச் சரிபார்த்தேன். மாமி திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கார்டுகளுக்கு ஸ்டாம்பு குத்திக்கொண்டிருந்தார்.

"அந்த அடையாறு மாமா மனசு ஒடிஞ்சு போயிருப்பார்," என்றேன்.

"வந்தாரே, நேத்து சாயங்காலமே. வேற ரெண்டு ஜாதகம் வாங்கிண்டு போயிருக்கார்." மாமி அடுத்த கார்டை எடுத்துக்கொண்டார். "உங்களைப் பத்தியும் சொன்னார். அவர் கல்யாணம் ஆகாதவரா இருந்திருந்தாலும் பிரயோஜனமில்லை மாமி, நேர்ல பாத்தேன், எம்பொண்ணு எப்படியும் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பான்னார்."