தெர்மோஸ்டாட் கொதித்த வெண்கலப் பானை

இந்த ஊரில் பழைய மோட்டார் வண்டி ஒன்று கைக்கு வந்தால் முதலில் செய்கிற காரியம், அதன் வயிற்றிலிருந்து ஒரு சாமானைப் பிடுங்கி எறிவதுதான். பெயர் தெர்மோஸ்டாட். உள்ளங்கையில் அடங்கும் பித்தளைச் சாமான். ஆர்மோனியத் துருத்திபோல மடிப்பு மடிப்பாக இருக்கும். எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் மூடி வைத்திருக்கும். சூடேறியதும் தானே திறந்து வழிவிடும். பனி பெய்யும் தேசத்தில் வெள்ளைக்காரன் தனக்காகச் செய்துகொண்டது, வருஷம் பூராவும் வேகிற மலாயாவில் அது எதற்கு என்று பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் வரை எந்தப் பட்டறையில் கேட்டாலும் சொல்வார்கள். ஊரிலிருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். வந்த புதிதில் எனக்கும் அப்படித்தான் இருந்தது.

நான் அந்தக் கூட்டத்தில் சேரவில்லை. ஒரு மழைக்காலம் முழுக்க அது இல்லாமல் ஓட்டிப் பார்த்தவன் நான். எஞ்சின் சூடு பிடிக்காமல் இருமிக்கொண்டே வந்தது, பெட்ரோலை மடக் மடக்கென்று குடித்தது, மழை வலுத்தால் நடுவழியில் நின்றது. பிரிக்பீல்ட்ஸில் மளிகைக் கடை வைத்திருந்த என் முதலாளி என்னைத் திட்டித் தீர்த்தார். அதிலிருந்து அவருடைய வேனுக்குள் அந்தச் சாமான் இருந்தே ஆகவேண்டும் என்பது என் பிடிவாதம். கிறுக்குப் பயல் என்று மற்ற டிரைவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

ரப்பர் விலை விழுந்தபோது கடை வியாபாரமும் படுத்துவிட்டது. என் சம்பளம் பாதியாயிற்று. என் மனைவி செல்லம்மாவுக்கு அப்போது ஏழாம் மாதம், தலைப்பிரசவம். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள ஒரு பெண்துணை கிடையாது. அவளைத் தாய் வீட்டுக்குக் கப்பலேற்றிவிடுவது என்று முடிவு செய்தோம். முடிவு செய்தது நானா அவளா என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது. அடுத்த கப்பல் வருவதற்குள் மாதம் ஏறிவிடும், ஏற்றமாட்டார்கள். ஆகவே இந்தக் கப்பலை விடக் கூடாது. சுவெட்டன்ஹாம் துறைமுகம் வரை வேனிலேயே கூட்டிப்போ என்று முதலாளி சொன்னார். மூட்டை முடிச்சோடு அவளை ரயிலில் ஏற்றி இறக்க எனக்கும் மனம் வரவில்லை.

கப்பலுக்கு முந்தின நாள், கிள்ளானில் அரிசி இறக்கப் போன இடத்தில் வேன் கொதித்துவிட்டது. ஆற வைத்து மேல்குழாயைக் கழற்றிப் பார்த்தேன். தெர்மோஸ்டாட் மூடியது மூடியபடியே இறுகிக் கிடந்தது. பட்டறை வைத்திருந்த தவுக்கே, அதாவது சீன முதலாளி, எட்டிப் பார்த்து, "பூவாங் சாஜா," என்றார். தூக்கிப் போடு, அவ்வளவுதான். நான் நகரவில்லை. கர்ப்பிணியை வைத்துக்கொண்டு மழையில் நடுவழியில் நிற்க முடியாது என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அவர் தகர டப்பாவைத் துழாவி, உடைந்த லோரியிலிருந்து கழற்றிய ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நல்லதா கெட்டதா தெரியாது, வெந்நீரில் போட்டுப் பார் என்றார். இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வழியெல்லாம் மழை. வண்டி நின்று நின்றுதான் வீடு சேர்ந்தது.

வீட்டில் செல்லம்மா எல்லாவற்றையும் கட்டி முடித்திருந்தாள். கல்யாணச் சீராக வந்த வெண்கலப் பானை மட்டும் அன்று சோறு வடிக்க வெளியே இருந்தது. அதன் மூடி டிரங்குப் பெட்டியின் அடியில் போய்விட்டது. பெட்டிக்குக் கயிறும் கட்டியாயிற்று. பானையைக் கொடு என்றேன். எதற்கென்று கேட்காமல் கொடுத்தாள். தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்து, தவுக்கே கொடுத்த சாமானைக் கயிற்றில் கட்டி உள்ளே தொங்கவிட்டேன். இரண்டு பேரும் அடுப்புக்கு முன்னால் குந்திக்கொண்டு தண்ணீரையே பார்த்தோம்.

"அது தெறக்காமப் போனா தேவலைன்னு உங்களுக்குத் தோணவே இல்லியா?" என்று கேட்டாள்.

பித்தளை மடிப்புகள் மெதுவாக நீண்டன. வாய் விலகியது.

"தெறந்துருச்சு பாரு," என்றேன்.

அவள் எழுந்து போய்விட்டாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. கால் மரத்துப் போனால் கிள்ளினாலும் தெரியாதே, மனசு அப்படிக் கிடந்தது. பானையில் எண்ணெய்ப் படலம் மிதந்தது. அவள் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாள், முகர்ந்து பார்த்தாள், மறுபடியும் தேய்த்தாள். வாடை போகவில்லை. பிள்ளைக்குக் கஞ்சி வைக்கிற பானை, இனிமேல் இது ஆகாது என்று சொல்லி மூலையில் கவிழ்த்துவிட்டாள். அன்று ராச்சாப்பாடு கடை ரொட்டியும் தேத்தண்ணியும்.

விடிந்ததும், தண்ணீர் கசியாமலிருக்கக் காலண்டர் அட்டையை வெட்டிக் கிரீஸ் தடவி இடையில் வைத்துச் சாமானை வேனில் பூட்டினேன். அன்றைக்கென்று பார்த்து அந்தப் பாழாய்ப்போன வேன் குதிரை மாதிரி ஓடியது. ஒரு இருமல் இல்லை. மழைகூட இல்லை. நேரத்துக்கு முன்னாலேயே துறைமுகத்தில் நின்றோம். நம்மூரில் பிரசவத்துக்குப் பெண்ணை அனுப்புவதென்றால் வளையல் அடுக்கி, ஐந்து வகைச் சோறு கட்டி, சொந்தக்காரர்கள் வண்டி பிடித்துக் கூடவே போவார்கள். இங்கே நான் ஒருவன். பெட்டியை ஏற்றிக் கொடுத்தேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அவளும் என்னிடம் அதையே சொல்லிவிட்டு ஏறினாள்.

கப்பல் நகர்ந்த பிறகும் வேன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வாசலில் இருந்த மலாய்க் காவலாளி என்னை வாடகை டிரைவர் என்று நினைத்துவிட்டார். உன் சவாரிதான் ஏறிவிட்டதே, இன்னும் யாருக்காக நிற்கிறாய் என்று மலாயில் நல்லபடியாகத்தான் கேட்டார். யாருக்காகவும் இல்லை என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

ஆண் குழந்தை பிறந்ததாக ஊரிலிருந்து செய்தி வந்தது. சம்பளம் இன்னும் பழையபடி ஆகவில்லை; கூப்பிட்டுக்கொள்ளவும் முடியவில்லை, வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போகவும் முடியவில்லை. வேன் அதற்குப் பிறகு ஒருநாளும் கொதித்ததில்லை. அந்தப் பானையில்தான் நான் தினமும் சோறு வடிக்கிறேன். வாடை இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை, பழகிவிட்டது. சமீபத்தில் அவள் ஊர்க்காரர் ஒருவர் வந்து சொன்னார்: அங்கே அந்த மூடி எந்தப் பானைக்கும் சேரவில்லையாம், பையன் அதைத் தரையில் போட்டுத் தட்டித் தட்டி விளையாடுகிறானாம், வீடே அதிர்கிறதாம். நான் பானைக்கு ஒரு பீங்கான் தட்டைப் போட்டு மூடுகிறேன். உலை கொதிக்கும்போது தட்டு கடகடவென்று ஆடும். நகர்த்தி வைத்தால் சத்தம் நின்றுவிடும். நான் நகர்த்துவதில்லை.