ஒற்றைப் பனைக்கு நேரே, மூன்று பாகம்

அடைக்கலம் இறந்துபோன செய்தி எனக்கு மூன்று பேரிடமிருந்து வந்தது. ஒருவர் புதுக்கோட்டையில், வீட்டில் என்றார். இன்னொருவர் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் என்றார். எங்கள் பழைய வாட்ஸப் குழுவில் ஊரே குறிப்பிடாமல், மாலை போட்ட அவர் படம் ஒன்று வந்தது. அதற்கு இரண்டு பேர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியிருந்தார்கள். அடைக்கலம் இருந்திருந்தால் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "சரி, இதுல நேர்ல பாத்தது யாரு?" என்று கேட்டிருப்பார்.

அவர் கல்லூரி விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மாவட்டத்து உயிரினங்களின் விவரங்களை ஒன்றாகச் சேர்க்கும் திட்டத்தில் அதன்பின் என்னோடு வேலை பார்த்தார். கல்லூரி ஜாடிகளில் பதப்படுத்தி வைத்த உயிரினங்களின் பட்டியல் ஒரு கணினியில் இருந்தது, காட்டு விலங்குகளின் பட்டியல் வேறொரு அலுவலகத்தில். பறவை பார்ப்பவர்களின் குறிப்புகள் அவரவர் செல்போனில். மீமிசல் கரையில் வலையிலிருந்து இறங்கியவை எல்லாம் அடைக்கலத்தின் கோடு போட்ட நோட்டுகளில். பல வருடங்களாக ஞாயிறுதோறும் பஸ் ஏறிப் போய் அவர் எழுதியவை. இவற்றை இணைத்துவிட்டால், யார் எங்கிருந்து கேட்டாலும் ஒரே பதில் கிடைக்கும் என்பது திட்டம். ஒரே பதில்தான் கிடைத்தது. அந்த விஷயத்தில் திட்டத்தைக் குறை சொல்ல முடியாது.

சிக்கல் இடத்தில் வந்தது. மீமிசல் மீனவர்கள் கடலில் ஓர் இடத்தைக் கரையை வைத்துச் சொல்வார்கள். எந்த மரமும் எந்தக் கோபுரமும் ஒரே நேர்கோட்டில் தெரிகின்றன, அங்கே ஆழம் எத்தனை பாகம் என்று. இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். அடைக்கலம் அவர்கள் சொன்னபடியே எழுதியிருந்தார்: "கடல் குதிரை, ஒற்றைப் பனைக்கு நேரே கோபுரம், மூன்று பாகம்." கணினியின் படிவம் இடத்துக்கு அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை மட்டும் ஏற்றது, வெற்றிடத்தையும் ஏற்கவில்லை. திட்டம் முடிய ஒரு வாரம் இருந்தது. பனையைக் கணினிக்கு விளக்க நேரமில்லாததால், இடம் தெரியாதவற்றுக்கெல்லாம் மாவட்டத் தலைநகரின் எண்களைக் கொடுத்தேன். வரைபடத்தில் பார்த்தால் அந்தப் புள்ளி புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் விழுந்தது. கடல் குதிரைகளும் நண்டுகளும் கடற்புல்லும் அங்கே குவிந்தன. மீமிசல் கடல் காலியாகிவிட்டது. திட்டம் குறித்த நாளில் முடிந்தது. பாராட்டுச் சான்றிதழ் என்னிடம் இன்னும் இருக்கிறது.

பிறகு அந்தக் கரையில் ஓர் இறால் பண்ணைக்கு அனுமதி கேட்டார்கள். பண்ணைக் கழிவுநீர் போய்ச் சேரும் இடம், அந்தக் கடல் குதிரைகள் வாழும் கடற்புல்வெளி. கருத்துக் கேட்புக் கூட்டத்தில் அதிகாரி எங்கள் திட்டத்தின் இணையதளத்தைத் திறந்து காட்டி, இங்கே குறிப்பிடத்தக்க உயிரினம் ஏதும் பதிவாகவில்லை என்று படித்தார். நண்டு பொறுக்கிப் பிழைக்கும் பாக்கியம் எழுந்தார்.

"ஏன் சார், வாரவாரம் வந்து எங்க கூடையக் கிளறிக் கிளறி எழுதிட்டுப் போனீங்களே, அதெல்லாம் எங்கிட்டுப் போச்சு?"

"பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருச்சு ஆத்தா," என்றார் அடைக்கலம்.

"திரும்பி வார பஸ்ஸு எத்தன மணிக்கு?"

கூட்டம் சிரித்தது. அடைக்கலம் சிரிக்கவில்லை. நோட்டுகளை மேசைமேல் வைத்தார். "இதெல்லாம் சிஸ்டத்துல இருக்குங்களா?" என்று கேட்டார் அதிகாரி. இல்லை என்றார் அடைக்கலம். அதிகாரி நோட்டுகளை மரியாதையாகத் திருப்பித் தந்தார். அனுமதி கிடைத்தது.

எண்களைக் கொடுத்தது யார் என்று அவருக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் அவர் சொல்லவில்லை. அடுத்த வரிசையில் உட்கார்ந்திருந்த நானும் சொல்லவில்லை. திரும்பும் பஸ்ஸில் அறந்தாங்கி தாண்டிய பிறகுதான் பேசினார். "ஃபாரம் கேட்டுச்சு, நீங்க குடுத்தீங்க. தெரியாதுன்னு எழுத ஒரு கட்டம் இருந்திருந்தா நீங்களும் நல்லவர்தான் சார்."

மறுவாரமே திருத்தத் தொடங்கினார். பாக்கியத்தின் மகனுடைய படகில் ஏறி, பனையும் கோபுரமும் நேர் விழும் இடத்தில் கயிற்றை இறக்கி ஆழம் பார்த்து, பிளாஸ்டிக் பையில் சுற்றிய செல்போனில் எண்களைப் படிப்பார். ஒவ்வொரு முறையும் வாந்தி எடுப்பார். ஒரு நாளில் நாலைந்து பதிவுகள் கடலுக்குத் திரும்பும். ஆனால் எங்கள் தளத்திலிருந்து வேறு தளங்கள் ஏற்கெனவே நகல் எடுத்திருந்தன. அவற்றிலிருந்து இன்னும் சில. எல்லோருக்கும் கடிதம் எழுதினார். "உங்கள் கோரிக்கை பெறப்பட்டது" என்று எல்லோரும் பதில் போட்டார்கள். "நம்ம தப்பு நம்மளவிட நல்லா ஊர் சுத்துது," என்றார்.

இரண்டாம் வருடம் பண்ணைக்குச் சாலை போட்டபோது ஒற்றைப் பனையை வெட்டினார்கள். அன்று படகிலிருந்து எனக்குப் போன் செய்தார். "கோபுரம் மட்டும் நிக்கிது சார். ஒண்ண மட்டும் வெச்சுக்கிட்டு நேரு பாக்க முடியாது." பனையின் அடியை அவர் ஒருபோதும் எண்ணாகக் குறித்திருக்கவில்லை. அது எங்கே போய்விடப் போகிறது என்று நினைத்திருந்தார். சாலைக்கு மண் அடித்திருந்ததால் வேரும் தெரியவில்லை. மீதி நோட்டுகளில் உள்ளவை எந்த இடத்தில் வாழ்ந்தன என்று இனி யாரும் சொல்ல முடியாது. அவை இன்றும் பேருந்து நிலையத்தில் இருக்கின்றன. கடலில் இருக்கின்றனவா என்று பாக்கியத்தைக் கேட்டேன். "கூடையப் பாருங்க," என்றார். கூடை காலியாக இருந்தது.

துக்கம் விசாரிக்கப் போனபோது அடைக்கலத்தின் மனைவியிடம், நேரில் பார்த்தது யார் என்று அவர் கேட்டிருக்கக்கூடிய கேள்வியையே கேட்டேன். ஆம்புலன்ஸில் கூடவே இருந்தவர் அவர்.

"கந்தர்வக்கோட்டை தாண்டி முந்திரித் தோப்பு வரும்ல, அங்க தண்ணி கேட்டாரு. பாட்டில் மூடியத் தொறக்கறதுக்குள்ள போயிட்டாரு. தஞ்சாவூர்ல போயித்தான் எழுதுனாங்க, அதனால தஞ்சாவூர்னு எழுதிட்டாங்க. மாத்தச் சொன்னேன். கம்ப்யூட்டர்ல ஏறிருச்சும்மான்னாங்க."

கடைசி நோட்டை என்னிடம் கொடுத்தார். அவரை அறிந்த உங்களில் யாராவது அதைப் பார்க்க விரும்பினால் என் வீட்டில் இருக்கிறது. அதில் மிச்சமிருந்த பக்கத்தில், அவர் கோடு போட்ட கட்டங்களிலேயே, ஒரு வரி சேர்த்திருக்கிறேன். பெயர்: அடைக்கலம். இடம்: கந்தர்வக்கோட்டைக்கு அப்பால், முந்திரித் தோப்பு ஓரம். நேரில் பார்த்தவர்: மனைவி. எண்களுக்கான கட்டத்தில், தெரியாது என்று எழுதினேன்.