மேல்பிடி

"உங்க புராஸ்டேட் புற்றுநோய்க் கட்டிக்குத் தீனி போடறதே ஆண் ஹார்மோன்தான். மூணு மாசத்துக்கு ஒரு ஊசி போட்டு அதை நிறுத்தறோம். கட்டி அடங்கிடும். ஆனா தசை இளைக்கும், பலம் குறையும். வேலை செய்யற இடத்துல மறக்காம சொல்லிடுங்க" என்றார் டாக்டர்.

அவர் தலையாட்டிவிட்டு வந்தார். சொல்லவில்லை.

எந்த வாயால் சொல்வார்? வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்கும் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக அவருக்குப் பெயர் 'தூண்'. பீரோவோ பிரிட்ஜோ, படிக்கட்டில் இறக்கும்போது கீழ்ப்பிடி அவருடையதுதான். பாரம் முழுக்க அந்தத் தோளில்தான் வந்து உட்காரும். மேல்பிடிக்காரன் சாமானைச் சுற்றிக் கட்டிய பெல்ட்டைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்தபடி படி படியாக இறங்குவான். அது அவருடைய மைத்துனன், மனைவியின் தம்பி. அக்கா கல்யாணத்தன்று அவனுக்கு ஆறு வயது. அவர் தோளில் ஏறி ஊர் சுற்றிய பிள்ளை.

இரண்டாவது ஊசிக்குப் பிறகு சட்டைக் கை தொளதொளத்தது. ஒரு மாடி ஏறினாலே மூச்சு வாங்கியது. நெஞ்சிலிருந்து திடீரென்று ஒரு சூடு கிளம்பி முகமெல்லாம் பரவும்; உடனே தொப்பலாக வியர்த்துக் கொட்டும்.

மனைவி ஃபேனை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். "இப்பத்தான் எனக்கு இந்தச் சூடெல்லாம் நின்னுச்சு. அதுக்குள்ள நீங்க ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று சிரித்தாள். சிரித்த கண்ணிலேயே நீர் கோத்துக்கொண்டது. "தம்பிகிட்டயாவது சொல்லிடுங்களேன்."

"என்னன்னு? ஊசி போட்டு ஆம்பளைத்தனத்தை நிறுத்திட்டாங்கன்னா?"

அவள் துண்டை எடுத்து அவர் கழுத்தைத் துடைத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார்.

"மாப்ள, முழங்கால் வலிக்குது. கொஞ்ச நாளைக்கு நீ கீழ போ."

"தூணுக்கு ஏது மாமா முழங்கால்?" மைத்துனன் பூரித்துப்போனான். கீழ்ப்பிடி என்பது அவனுக்குப் பதவி உயர்வு. அன்றைக்கே அக்காவுக்குப் போன் போட்டுப் பெருமை பேசினான். தம்பியின் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

பாரம் குறைந்தது என்னவோ உண்மைதான். ஆனால் இருபத்திரண்டு வருட அனுபவக்காரர் ஒன்றை மறந்தார். இல்லை, மறந்ததாகத் தன்னையே ஏமாற்றிக்கொண்டார். கீழே நிற்பவன் தளர்ந்தால் அடிபடுவது அவன். மேலே நிற்பவன் தளர்ந்தாலும் அடிபடுவது கீழே நிற்பவன்தான்.

எட்டாவது நாள், மூன்றாவது மாடி வீடு. இரண்டு கதவு இரும்பு பீரோ. ஆள் ஒருவன் ஒடுங்கித்தான் போகலாம் என்கிற மாதிரி படிக்கட்டு.

இரண்டாவது மாடியைத் தாண்டி நாலு படி இறங்கியபோது நெஞ்சில் அந்தச் சூடு கிளம்பியது.

'இப்போது வேண்டாம். ஐயோ, இப்போது வேண்டாம்.'

கழுத்து, காது, நெற்றி. உள்ளங்கை நனைந்தது. பெல்ட் ஓர் அங்குலம் நழுவியது.

"மாமா, என்ன இழுக்கவே மாட்டேங்கறீங்க? மேல நின்னு தூங்கறீங்களா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டான். அவர் பல்லைக் கடித்து இழுத்தார். முன்பெல்லாம் கேட்காமலே வருகிற பலம் இன்று கெஞ்சியும் வரவில்லை. பெல்ட் மறுபடி நழுவியது. பீரோ ஒரு படி சறுக்கி மைத்துனனின் தோளெலும்பில் இடித்தது.

"மாமா!"

முழங்கால் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனியில் அதுதான் நின்றது. கீழே பீரோவின் விளிம்புக்கு அப்பால் அவனுடைய உச்சந்தலை மட்டும் தெரிந்தது.

"மாப்ள... கையில பலம் இல்லடா. ஹார்மோனை நிறுத்த ஊசி போட்டுக்கறேன். என்னால பிடிக்க முடியல."

"விளையாடாதீங்க."

"விளையாடலடா!"

கீழிருந்து வந்த குரலில் இப்போது சிரிப்பு இல்லை. "பெல்ட்டைக் கைப்பிடிக் கம்பியில சுத்துங்க. ரெண்டு சுத்து."

"ஒரு கையை எடுத்தா விழுந்துடும்."

"நான் தாங்கறேன். எடுங்க!"

எடுத்தார். கீழிருந்து ஒரு முனகல். ஒரு சுற்று. விரல் வழுக்கியது. இரண்டாவது சுற்று. கம்பி கிறீச்சிட்டது, பெல்ட் விறைத்து நின்றது. பாரம் கம்பியோடு போய்ச் சேர்ந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் பெல்ட்டைத் தளர்த்தி, ஐந்து படி இறக்கி, திருப்பத்தில் பீரோவை வைத்தார்கள்.

மைத்துனனின் தோளில் சட்டை கிழிந்து ரத்தம் கசிந்தது. அவர் தொடப்போனார். அவன் கையைத் தட்டிவிட்டான்.

"என்ன நோய்?"

சொன்னார்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியும். திட்டாதே அவளை."

"டாக்டருக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும். கீழ நிக்கறவனுக்கு மட்டும் தெரியாது!"

"வெக்கமா இருந்துச்சுடா."

"அந்த வெக்கத்தை என் நெஞ்சு மேலதானே மாமா ஏத்தி வெச்சீங்க?" கிழிந்த சட்டையைத் தோளோடு அழுத்திப் பிடித்தான். "நோய்னு சொல்லியிருந்தா அழுதிருப்பேன். இப்ப உங்க மேல கோவமா வருது. நிம்மதியா அழக்கூட விடமாட்டேங்கறீங்க."

போனை எடுத்து முதலாளியின் எண்ணைத் தேடினான். அவர் கை நீட்டினார்.

"குடு. நானே சொல்றேன்."

நோயின் பெயர், ஊசி, பலம் குறைந்தது, தன்னால் மைத்துனன் சாகப் பார்த்தது, எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே சொன்னார். "கீழ்ப்பிடி, மேல்பிடி ரெண்டும் இனி முடியாதுங்க. வேற ஆள் அனுப்புங்க."

"அப்புறம் உன்னை வெச்சுக்கிட்டு நான் என்னய்யா பண்றது?" முதலாளியின் குரல் வெளியே கேட்டது.

"நாளைக்கு வந்து பாக்கறேன்" என்று சொல்லி போனைத் திருப்பிக் கொடுத்தார்.

மாற்று ஆள் வரும்வரை அவர் சும்மா நிற்கவில்லை. மூன்றாவது மாடிக்கு ஏறினார். பாதியில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார். கைக்கு ஒன்றாக இரண்டு மர நாற்காலிகளுடன் இறங்கி வந்தார்.

மைத்துனன் பார்த்தான். எழுந்து வந்து ஒன்றை வாங்கிக்கொண்டான். இன்னொன்றை அவர் கையிலேயே விட்டுவிட்டு முன்னால் இறங்கினான்.