சாமியாருக்கு ஓலை படித்த ஞாயிறு

இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உள்ளங்கை பரபரக்கிறது. அந்த மரமணியை நான் ஆட்டிய ஆட்டு! முதலியார்பேட்டையில் எங்கள் தெருவே அடுப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்ததே, அதைப் பார்க்க இரண்டு கண் போதாது.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதியில் போய் நிற்பேன். முப்பதுகளின் பிற்பாதி. ஆலையில் பெரிய வேலைநிறுத்தம் நடந்து, எட்டு மணி நேரம்தான் வேலை என்று ஆகியிருந்த புதிது. அக்காவும் நானும் நூற்புப் பிரிவில் இருந்தோம். அவளுக்கு இருபத்திரண்டு வயசு, எனக்கு இருபது. முத்தியால்பேட்டையில் தச்சு வேலை செய்கிற ஒருவரோடு அவளுக்குக் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. நாற்பது நாள் நோன்பிருக்கிற தபசு காலம் வந்துவிட்டால் கோவிலில் கலியாணம் கிடையாது, அதற்குள் முடித்தாக வேண்டும். அதற்கும் முன்னால் மூன்று ஞாயிறு ஓலை படித்தாக வேண்டும். ஓலை என்றால் ஏதோ பனையோலை என்று நினைக்காதீர்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கலியாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும் என்று பூசையின் நடுவே சாமியார் ஊரறியக் கேட்பார். அதைத்தான் எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்களில் ஓலை என்போம்.

அந்த ஓலை படிக்கப்பட வேண்டுமானால், பெண் முதலில் சாமியாரிடம் போய் மந்திரம் ஒப்பிக்க வேண்டும். பரமண்டல மந்திரம், விசுவாச மந்திரம், பத்துக் கற்பனை என்கிற பத்துக் கட்டளை எல்லாம் தடங்கலில்லாமல் வர வேண்டும். இதில் என்ன வம்பு என்கிறீர்களா? வம்பே அங்கேதான்!

பெரிய சாமியார் பிரான்சிலிருந்து வந்த வயசாளி. ஒப்பிக்கக் கேட்கிற வேலையைச் சின்னச் சாமியாரிடம் விட்டிருந்தார். சின்னச் சாமியார் பேச்சில் கெட்டிக்காரர், பிரசங்கம் வைத்தால் கல்லும் அழும் என்று ஊரில் பேர். அந்த மனுஷர் கலியாணப் பெண்களை ஒருத்தி ஒருத்தியாக உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்துவார். ஆறாங்கற்பனை வரும்வரை பேசாமல் இருப்பார். ‘மோகபாவம் செய்யாதிருப்பாயாக’ என்று பெண் சொன்னதும், நிறுத்து என்பார். அப்புறம் கேட்கக் கூடாததையெல்லாம் கேட்பார். கேட்பதோடும் நிற்க மாட்டார், நாற்காலியை நகர்த்திக்கொண்டு பக்கத்தில் வருவார்.

இது ஆலைப் பெண்கள் அத்தனை பேருக்கும் தெரியும். ஆனால் ஒருத்தியும் வாய்விட்டுச் சொன்னதில்லை. “ஆறுல நிறுத்தினாரா?” என்று கேட்பாள் ஒருத்தி. “நிறுத்தினாரு” என்று தலையைக் குனிந்துகொள்வாள் இன்னொருத்தி. பேச்சு அவ்வளவுதான்.

முந்தின வருஷம் கலியாணம் ஆன எதிர்வீட்டுக்காரி எங்களோடு அதே ஆலையில்தான் வேலை செய்தாள். அக்காவுக்கு அவள்தான் புத்தி சொன்னாள். “ஆறு வந்ததும் மூச்சு வுடாதடி. அஞ்சு ஆறு ஏழுன்னு ஒரே ஓட்டமா ஓடிடு. அவரு வாயத் தொறக்கறதுக்குள்ள எட்டுல போயி நிக்கணும்.”

எனக்குச் சுர்ரென்று வந்தது. “ஓட வேண்டியது நாமளா?” என்றேன்.

“பின்ன இன்னா செய்யச் சொல்ற? உங்க அக்காவுக்கு ஓலை படிக்க வேணாமா?”

அம்மாவிடம் சொன்னேன். சாமியாரைப் பற்றிப் பேசினால் நாக்கு அழுகிவிடும் என்று வாயைப் பொத்தினாள். நல்ல நாக்கு! செய்கிறவனுக்கு அழுகாத கை, சொல்கிறவளுக்கு அழுகுமாம் நாக்கு.

வியாழக்கிழமை மத்தியானம் அக்காவை வரச் சொல்லியிருந்தார்கள். நானும் கூடவே போனேன். வழியிலேயே சொல்லி வைத்தேன். “தெருக்கோடிக்குக் கேக்கறாப்ல கத்திச் சொல்லு. உன் சத்தம் நின்னுச்சுன்னா நான் உள்ள வந்துடுவேன்.” அவள் சிரித்தாள், ஆனால் என் கையை விடவில்லை.

சின்னச் சாமியார் என்னை வராந்தாவில் நிற்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழும் சத்தமும் கேட்டது. மந்திரம் ஒப்பிக்கத் தாழ்ப்பாள் எதற்கு? அக்கா பரமண்டல மந்திரத்தை முழங்கினாள். விசுவாச மந்திரம் முடிந்தது. கற்பனைகள் தொடங்கின. நான் கதவோடு காதை ஒட்டிக்கொண்டு நின்றேன். ஐந்து சொன்னாள். ஆறு சொன்னாள். சத்தம் நின்றது.

நாற்காலி தரையில் இழுபட்டது. “வேணாம் சாமி” என்றாள் அக்கா. அவ்வளவுதான், எனக்குக் கண் மண் தெரியவில்லை. கதவை இடித்தேன், உதைத்தேன். தேக்குக் கதவு, அசையுமா? சுற்றிலும் பார்த்தேன். வராந்தா மூலையில் ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்துச் சாமான்கள் கிடந்தன. அவற்றுக்கு நடுவில் இருந்தது மரமணி.

பெரிய வியாழன் முதல் சனிக்கிழமை வரை கோவில் மணி அடிக்கக் கூடாது. ஆண்டவர் மரித்த துக்கம். அந்த நாட்களில் மட்டும் இந்த மரமணியை ஆட்டித்தான் சனங்களைக் கூப்பிடுவார்கள். கைப்பிடி வைத்த பலகையில் மரச்சுத்தி கோத்திருக்கும். ஆட்டினால் கடகடவென்று எலும்பு வரைக்கும் கேட்கும். வேறு எந்த நாளிலும் அது சத்தம் போட்டதாக யாரும் கேட்டதில்லை. நான் அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, தோள் கழன்றுவிடும் போல ஆட்டினேன்.

ஐயையோ, அந்தக் கூத்தை என்னவென்று சொல்வேன்! ஒரு கிழவர் நடுத்தெருவில் முழந்தாளிட்டுவிட்டார். பிஷப் மேற்றிராணியார் காலமாகிவிட்டாரா என்று ஒருத்தி ஒப்பாரியே ஆரம்பித்தாள். “இன்னிக்கா பெரிய வியாழன்? ஐயோ, கறிக்கொழம்பு கொதிக்குதே!” என்று இன்னொருத்தி கரண்டியோடு வந்தாள். ஆலையிலிருந்து அப்போதுதான் திரும்பிக்கொண்டிருந்த பெண்கள் கும்பலாக உள்ளே புகுந்தார்கள். பெரிய சாமியாரும் செபப் புத்தகத்தோடு ஓடி வந்தார்.

கதவு திறந்தது. முகம் வெளுத்து, தோளில் சேலையை இறுக்கிப் பிடித்தபடி அக்கா வெளியே வந்தாள். பின்னாலேயே சின்னச் சாமியார், ஒன்றும் நடக்காதவர் மாதிரி. “இந்தப் பொண்ணுக்கு மந்திரம் சரியா வரல. அதட்டினேன், அழுவுது. இப்ப ஓலை படிக்க முடியாது” என்றார்.

என்ன நெஞ்சழுத்தம்! “தெருவுக்கே கேட்டுது அவ சொன்ன மந்திரம்! ஆறுலதானே நிறுத்தினீங்க?” என்று கத்தினேன். ஆறு என்றால் என்னவென்று அங்கே நின்ற பெண்களுக்கெல்லாம் தெரியும். நான் எதிர்வீட்டுக்காரியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். கோபத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பெரிய சாமியார் சின்னவரைப் பார்த்தார், தாழ்ப்பாளைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. கையை உயர்த்தி, புத்தகத் தமிழில் மெதுவாகச் சொன்னார். “மகளே, உன் ஓலை படிக்கப்படும். இவரை நாளைக்கே வேறு ஊர்ப் பங்குக் கோவிலுக்கு அனுப்பிவிடுகிறேன். இதை இத்தோடு விட்டுவிடுங்கள்.”

கூட்டம் கலையப் பார்த்தது. அதுவரை கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்ற அக்கா, அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

“எனக்கு மூணு வாரம் ஓலை படிப்பீங்க, இல்ல சாமி? தடை தெரிஞ்சவங்க வந்து சொல்லுங்கன்னு ஊரக் கேப்பீங்க?”

“ஆம், மகளே. அது திருச்சபையின் சட்டம்.”

“நான் ஒரு வீட்டுக்குப் போறதுக்கே இவ்ளோ விசாரணை. இவரு ஒரு ஊருக்கே போறாரு. அங்கயும் பொண்ணுங்க இருக்காங்க. இவருக்கு யாரு சாமி ஓலை படிக்கிறது?”

என் அக்கா! எறும்புக்கும் வழிவிட்டு நடக்கிறவள்! அவளைக் கட்டிக்கொண்டு குதிக்கலாம் போல இருந்தது எனக்கு. பெரிய சாமியார் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, ஆள் தள்ளிக்கொண்டு போகிற புஷ் வண்டிக்குச் சொல்லியனுப்பி, சின்னவரை ஏற்றிக்கொண்டு மேற்றிராணியார் வீட்டுக்குப் போனார்.

மறுநாள் பெரிய சாமியாரே எங்கள் வீட்டுக்கு வந்தார். விசாரணை முடிகிற வரை சின்னச் சாமியார் பூசை வைக்கவோ பாவ அறிக்கையான பாவசங்கீர்த்தனம் கேட்கவோ கூடாது என்று உத்தரவாகியிருந்தது. ஆனால் ஒருத்தி சொல்லை மட்டும் வைத்து மேலே எதுவும் செய்ய மாட்டார்களாம். இன்னும் யாராவது வந்து சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அவர் வேறு பங்குக்குப் போய்விடுவார், அக்காதான் பொய்க்காரி ஆவாள். “ஞாயிற்றுக்கிழமை நான் கேட்கிறேன். உன் அக்கா கேட்டபடியே கேட்கிறேன்” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். போலீசுக்கே போயிருக்க வேண்டும் என்று நான் இன்றைக்கும் சொல்வேன், அது வேறு கதை.

அன்று சாயந்திரம் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். அம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. கலியாணம் நின்றது என்றே நினைத்தோம். மாப்பிள்ளையின் அம்மா நேரே அக்காவிடம் போய்த் தாடையைப் பிடித்தாள். “வெக்கப்பட வேண்டியவன் அவன். நீ ஏன் குனிஞ்சிக்கினு நிக்கிற? நிமுருடி” என்றாள். மாப்பிள்ளை அந்த அறை எங்கே என்று மட்டும் என்னைக் கேட்டார். பெரிய சாமியாரிடம் அனுமதி வாங்கி, திருப்புளியை எடுத்து, அந்தத் தேக்குக் கதவைக் கீலோடு கழற்றிச் சுவரில் சாத்தி வைத்துவிட்டுத்தான் முத்தியால்பேட்டைக்குத் திரும்பினார்.

சனிக்கிழமை ஆலையில் நான் ஒருத்தியையும் விடவில்லை. “வேலைநிறுத்தத்துல ஒருத்தியாவா நின்னோம்? எங்க அக்காவ மட்டும் ஏன்டி தனியா நிக்க வுடறீங்க?” என்று இயந்திரச் சத்தத்துக்கு மேல் கத்தினேன். ஒருவரும் பிடி கொடுக்கவில்லை. எதிர்வீட்டுக்காரியோ, அறுந்த இழையை முடிச்சிடுவதிலேயே கண்ணாக இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஊசி குத்த இடமில்லை. பெரிய சாமியார் பிரசங்க மேடையேறி முதலில் அக்காவின் ஓலையைப் படித்தார். தடை தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்று நிறுத்தினார். பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, சின்னச் சாமியாரின் பேரைச் சொன்னார். “இவரை எந்தப் பங்கிலும் சாமியாராக வைப்பதற்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள், வந்து சொல்ல வேண்டும். பயப்பட வேண்டாம். சொல்லாமல் இருப்பதே எங்களை இந்த இடத்துக்குக் கொண்டுவந்தது.”

தடை சொல்வதென்றால் பூசைக்குப் பிறகு தனியாகப் போய்ச் சொல்வதுதான் வழக்கம். கோவிலுக்குள் பெண்கள் வாய் திறப்பதே கிடையாது. அக்கா என் கையை நெரித்துக்கொண்டிருந்தாள். பெண்கள் பக்கத்தில் யாரோ எழுந்திருக்கிற சத்தம் கேட்டுத் திரும்பினேன். எதிர்வீட்டுக்காரி நின்றுகொண்டிருந்தாள், முக்காடு நழுவியது கூடத் தெரியாமல்.

“தடை இருக்குது சாமி” என்றாள் அவள், கோவில் முழுக்கக் கேட்கும்படி. “எனக்கும் ஆறுலதான் நிறுத்தினாரு.”

அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி எழுந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி.