எனக்கு வராத வேடம்

நாற்பது ஆண்டுகள் நடித்திருக்கிறேன். மேடையில் அரசன், வக்கீல், கட்டுகஸ்தோட்டை முஸ்லிம் வியாபாரி. சிங்களப் படங்களில் இன்ஸ்பெக்டர், பஸ் முதலாளி, இரண்டு முறை வில்லனின் கையாள். எந்த வேடம் கொடுத்தாலும் பொருந்துகிற ஆள் என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். அதைப் படித்துப் பெருமைப்பட்டதில்லை என்று சொன்னால் பொய். ஆனால் யாராவது நேரில் அப்படிப் பாராட்டினால் பேச்சை மாற்றிவிடுவேன். காரணத்தை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

நான் பிறந்தது கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். அம்மா கொழுந்து பறித்தார், அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார். தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் வடக்கே சாவகச்சேரிக்காரர். பள்ளி விட்டு வந்ததும் அவரைப் போலவே பேசிக் காட்டுவேன், நாங்கள் குடியிருந்த லயத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். என் நடிப்புப் பயிற்சி அவ்வளவுதான்.

பத்தொன்பது வயதில் கண்டியில் ஒரு துணிக்கடையில் வேலை கிடைத்தது. வேலை முடிந்ததும் நாடக ஒத்திகை நடக்கும் மண்டபத்துக்குப் போய் நிற்பேன். நாடகம் போட்டவர்கள் வடக்கிலிருந்து வந்து கண்டியில் உத்தியோகம் பார்த்தவர்கள். நல்ல மனிதர்கள்தான். ஆனால் அவர்களில் ஒருவர் எங்கள் கடையில் வைத்து, வரிசையில் நின்ற ஒரு கிழவரைத் தோட்டக்காட்டான் என்று இளக்காரமாகச் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். அதனால், எந்த ஊர் என்று அவர்கள் கேட்டதும், வாய் கூசாமல் சாவகச்சேரி என்றேன். வாத்தியாரின் பேச்சு கைகொடுத்தது. தாய் தகப்பன் எங்கே என்றார்கள். சின்ன வயதிலேயே இறந்துவிட்டார்கள் என்றேன். ஒரு மாலைப்பொழுதுக்காகச் சொன்ன பொய், நான் பிறகு அவர்களில் ஒருவர் வீட்டிலேயே அறை எடுத்துத் தங்கியதால், ஆறு வருடம் ஓடியது.

தோட்டத்து மக்களை ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. அப்பா விண்ணப்பம் போட்டபோது குடும்பத்தோடு என் பெயரையும் சேர்த்திருந்தார். பயண அனுமதிக் கடிதம் வந்துவிட்டது. நான் கூடப் போகிறேனா, இங்கேயே இருக்கிறேனா என்று பதில் சொல்ல வேண்டும். அப்பா கடைக்கு இரண்டு முறை ஆள் அனுப்பினார். இரண்டு முறையும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு நான் போகவில்லை. போனால் அம்மா அழுவார், நான் சரி என்று சொல்லிவிடுவேன். முதன்முதலாகப் பெரிய வேடம் ஒன்று கிடைத்திருந்த சமயம். விட மனமில்லை.

ஊரே இந்தியாவுக்குப் போகிறவர்களைப் பற்றிப் பேசியதால் அந்த நாடகமும் அதைப் பற்றியதுதான். மகனை விட்டுவிட்டுக் கப்பலேறும் தோட்டத்துத் தகப்பனாக நான். கைவந்த பேச்சு, ஆனால் ஒழுங்காகப் பேசினால் குட்டு உடைந்துவிடுமே என்று பயந்து வேண்டுமென்றே கோணலாகப் பேசினேன். நாடகத்தை இயக்கியவர் பொறுமையிழந்து, எல்லாம் வருகிற எனக்குத் தோட்டத்துப் பேச்சு மட்டும் வருவதில்லை என்று எல்லோர் முன்னிலையிலும் திட்டினார். உள்ளுக்குள் எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கங்கெட்ட நிம்மதி.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் ஒத்திகையின் நடுவே அப்பா வந்து வாசலில் நின்றார். பழைய கறுப்புக் கோட்டு, கையில் குடை. கடையில் விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் வாத்தியாரின் பேச்சில் நான் முந்திக்கொண்டேன்.

"ஆரைத் தேடுறியள், ஐயா?"

அப்பா என்னையே பார்த்தார். நான் கையிலிருந்த நாடகக் கொப்பியைப் பார்த்தேன். பிறகு அவர், பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்க வந்ததாகச் சொன்னார். அதோடு போயிருப்பார். இயக்குநர் விடவில்லை. அசல் தோட்டத்து மனிதரே வாசலில் வந்து நின்றால் அவர் விடுவாரா? கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்து கதிரை போட்டு உட்கார வைத்தார். கதையை விளக்கினார். அப்படி ஒரு மகன் இருந்தால் போகிற நேரத்தில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டார்.

அப்பா கொஞ்ச நேரம் குடையின் பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமல் இயக்குநரைப் பார்த்தே சொன்னார்.

"நீ வர வேணாம்ப்பா. ஒம் பேர வெட்டிரச் சொல்லிர்றேன். அம்மாவ நான் பாத்துக்கிறேன். நீ இங்கயே நல்லா இரு."

இயக்குநருக்குத் தலைகால் புரியவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அப்பா இன்னொரு தடவையும் சொன்னார். அடுத்து நான் சொல்ல வேண்டும். அப்பாவின் முன்னால் நின்று அதே வார்த்தைகளைச் சொன்னேன். பிசகாமல் வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அப்பாவுக்குப் பிளேன்டீ வந்தது. பாதி குடித்துவிட்டு எழுந்தார். எல்லோருக்கும் பொதுவாகக் கும்பிட்டார். அந்தக் கும்பிடு எனக்கும் சேர்த்துத்தான்.

பஸ் ஸ்டாண்ட் பத்து நிமிட நடை. ஓடியிருந்தால் பிடித்திருக்கலாம். நாளைக்குப் போகலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாளை என்பது நாடகம் முடியட்டும் என்று ஆனது. நாடகம் அமோகமாக ஓடியது. அப்பாவின் வசனம் வரும் இடத்தில் மண்டபத்தில் பெண்கள் அழுதார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு சிங்களப் பட இயக்குநர் மறுநாளே என்னைக் கூப்பிட்டனுப்பினார். என் திரைப்பட வாழ்க்கை அங்கேதான் தொடங்கியது.

அதற்குப் பிறகுதான் கலஹாவுக்குப் போனேன். எங்கள் வீட்டில் வேறொரு குடும்பம் இருந்தது. நாலு நாளைக்கு முன்பே கப்பலேறத் தலைமன்னார் ரயிலுக்குப் புறப்பட்டுவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். அம்மா கடைசிவரை ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாரா என்று கேட்டேன்.

"இல்ல தம்பி, நீ வர மாட்டேன்னு அம்மாவுக்குத் தெரியும். ஒனக்கு லீவு இல்லைன்னு அப்பா சொல்லிட்டாரு. டவுனுக்குப் போயி ஒன் நடிப்ப நேர்லயே பாத்துட்டு வந்தாராமே. எம் புள்ள மாதிரி நடிக்க ஆளே இல்லைன்னு லயம் பூராச் சொன்னாரு."

அப்பா என் நாடகம் ஒன்றைக்கூட மேடையில் பார்த்ததில்லை. அவர் பார்த்தது, அந்த மண்டபத்து வாசலில் அவரைத் தெரியாதவன்போல நான் நின்றதைத்தான்.